நாலாவது கார்டு

இருபத்திரண்டு திருகில் ஆறு கழன்றுவிட்டது. ஒவ்வொன்றையும் கழற்றியதும் பெனிலா அதைப் பக்கத்தில் இருக்கும் காந்தத் தட்டில் போடுகிறாள், அது டிக்கென்று ஒட்டிக்கொள்கிறது, அந்தச் சத்தத்துக்கு என் கடைவாய்ப் பல் கூசுகிறது, சத்தத்துக்குப் பல் கூசுமா, கூசுகிறது, போன வாரம் முறுக்கு கடித்து உடைந்த பல், நாக்கு அதையே போய்த் தடவுகிறது, வேண்டாமென்றால் கேட்பதில்லை. ஏழாவது. அவள் பேனலுக்கு முன்னால் ரப்பர் விரிப்பில் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள், இடது மணிக்கட்டில் உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குகிற எர்த் பட்டை, அதிலிருந்து ஒரு சுருள் வயர் பேனலின் இரும்புக்குப் போகிறது, பால் மாட்டைக் கட்டிப் போட்ட மாதிரி. நான் அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸுக்குப் பிறகு டார்ச் பிடிக்கிற வேலை. மணி பத்தே முக்கால். காலை ஆறு மணிக்கு அனல் மின் நிலையத்தின் மூணாவது யூனிட்டை நிறுத்தினார்கள், அதன் ஹூங்காரம் இல்லாமல் கட்டடமே காது அடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது, ஏசி ஓடுகிற சத்தமும் இவள் மூச்சுவிடுகிற சத்தமும்தான். ஜெனரேட்டருக்குள் சுழல்கிற காந்தத்துக்கு எவ்வளவு கரண்ட் கொடுக்கவேண்டும் என்று நொடிக்கு நொடி முடிவுசெய்வது இந்த பேனல். எக்சைட்டேஷன் பேனல். என் பேனல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், மற்றவர்களும் கோமதிநாயகம் சார் பேனல் என்றுதான் சொன்னார்கள், போன வருஷம் இவள் புது இன்ஜினியராக வந்து சேரும்வரை. உள்ளே பன்னிரண்டு கார்டுகள், புத்தக அலமாரியில் புத்தகம் நிற்கிற மாதிரி வரிசையாக. எல்லாம் போய்ச் சொருகி நிற்பது பின்னாலிருக்கும் ஒரே பலகையில், பேக்ப்ளேன், ஒரு முழ நீளம், பச்சை நிறம், முகமெல்லாம் ஊசி ஊசியாக. கார்டுகள் ஒன்றோடொன்று பேசுவதெல்லாம் அந்த ஊசிகள் வழியாகத்தான். சேனல் ஒன்று போனால் சேனல் இரண்டு எடுத்துக்கொள்ளும் என்று பயிற்சி வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஆனால் இரண்டு சேனலும் வந்து நிற்பது இந்த ஒரே பலகையில்தான் என்பதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எட்டாவது திருகு. டிக். இன்னும் பதினாலு. அதற்குப் பிறகு அவள் பலகையை வெளியே எடுப்பாள், மேசையில் வைப்பாள், டார்ச்சை வாங்கி சாய்த்து அடிப்பாள். நாலாவது கார்டு சொருகுகிற இடத்தில் ஒரு ஊசி வளைந்திருக்கும். அதை வளைத்தது நான்.

சொல்லிவிட்டேன், மனசுக்குள்தான், ஆனால் சொன்னதும் காது சூடாகிறது, அவள் திரும்பிப் பார்த்துவிடுவாளோ என்று டார்ச்சை ஆட்டாமல் பிடித்துக்கொள்கிறேன். அவள் திரும்பவில்லை. ஆவணி மாதம், வருஷாந்தர ஷட்டவுன், செவ்வாய்க்கிழமை. அன்று காலை மீட்டிங்கில் எங்கள் மேலதிகாரி எஸ்.ஈ. ஒரு கேள்வி கேட்டார், எக்சைட்டேஷனைப் பற்றித்தான், கேட்கும்போது என்னைப் பார்த்துத் தொடங்கி முடிக்கும்போது அவளைப் பார்த்தார். கண் அப்படித் தானாக நகர்ந்தது. அவள் இரண்டு வரியில் பதில் சொன்னாள். சரியான பதில். நானாக இருந்தால் இருபது நிமிஷம் பேசியிருப்பேன், அதுவும் சரியாகத்தான் இருந்திருக்கும், ஆனால் இரண்டு வரி. எஸ்.ஈ. தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை அவமானப்படுத்தவில்லை. அதை யாரிடமாவது சொன்னால் இதற்கா என்று சிரிப்பார்கள், அதனாலேயே அது உள்ளே கிடந்து புளித்தது. மதியம் இந்த அறைக்கு வந்தேன். பெனிலா பன்னிரண்டு கார்டையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நம்பர் ஒட்டி, வரிசையில் பாதி பாதி சொருகி ஒரு விரல்கடை வெளியே விட்டு வைத்திருந்தாள். ஆள் இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்று போன் வந்து வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தாள், கண்ணாடி வழியே அவள் முதுகு தெரிந்தது. இத்தனை ஒழுங்காக வைத்திருக்கிறாளே என்று இருந்தது எனக்கு. ஒன்றையாவது நான் செய்யவேண்டும் என்று இருந்தது. நாலாவது கார்டைப் பிடித்துத் தள்ளினேன். போகவில்லை. கீழ்த் தடத்தில் சரியாக உட்காராமல் கொஞ்சம் சரிந்திருந்தது, அதை இழுத்துச் சரிபண்ணிப் போடவேண்டும் என்று முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும். நான் உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். கட்டைவிரல் மேட்டில் அது தெரிந்தது. சத்தம்கூட இல்லை, ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது, இட்லியில் கல் கடிபட்ட மாதிரி மிகச் சின்னதாக. உடனே தெரிந்துவிட்டது. கை பழகின கை. பின்னால் அவளுடைய முதுகு. நான் கார்டை மெதுவாக இழுத்தேன், பழையபடி ஒரு விரல்கடை வெளியே வருகிற வரைக்கும், மற்ற பதினொன்றோடு வரிசை சேர்ந்து நிற்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தேன், நின்றது, போய் இதே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பதினொன்று. அவளுக்குத் திருகு ஒன்று வரமாட்டேன் என்கிறது, டிரைவரை மாற்றுகிறாள், அவசரப்படுவதில்லை, அவசரப்படாததுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. அன்றைக்கு உள்ளே வந்தவள் மன்னிச்சிருங்க சார் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு கார்டாகத் தள்ளினாள். நாலாவதில் நின்றாள். "சார், இது கொஞ்சம் இறுக்கமா இருக்கு." நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பேப்பரில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது. "தள்ளும்மா, போயிரும்." தள்ளினாள். போய்விட்டது. பிறகு ரிஜிஸ்டரில் கார்டு பொருத்தியவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள், பெனிலா, புள்ளி வைத்து, தேதி போட்டு. சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான். இதில் எது பெரிய தப்பு என்று ஐந்து வாரமாக யோசிக்கிறேன். அமுக்கினதா. அது கை தவறுவது, யாருக்கும் நடக்கும். இழுத்து வைத்ததா. அதுகூட ஒரு பயத்தில். தள்ளும்மா என்று சொன்னேனே, அதுதான், அங்கேதான் ஒவ்வொரு தடவையும் வந்து மாட்டிக்கொள்கிறது, வேட்டி கதவு ஆணியில் மாட்டின மாதிரி, ஏனென்றால் அதைச் சொல்லும்போது எனக்குப் பயம் இல்லை. நிம்மதியாக இருந்தது. அவள் கையும் அதில் பட்டுவிட்டது என்று ஒரு நிம்மதி. மெஷின் எட்டு நாள் ஒழுங்காக ஓடியது. வளைந்தாலும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது போல, பேனல் சூடாகி விரியும்போது ஒரு கணம் விடும், அவ்வளவுதான், என் ஆயுசு முழுக்க விடாமலும் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒன்பதாம் நாள் காலை யூனிட் டிரிப். வோல்டேஜ் எவ்வளவு என்று சொல்கிற சிக்னல் கண் இமைக்கிற நேரத்துக்கு இல்லாமல் போயிருக்கிறது, வோல்டேஜ் விழுந்துவிட்டது என்று பேனல் நினைத்துக் கரண்டை அள்ளிக் கொடுத்திருக்கிறது, பாதுகாப்பு ரிலே மெஷினை நிறுத்திவிட்டது. ரெக்கார்டரில் கோடு செங்குத்தாக ஏறி நின்றது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. நாலாவது கார்டு போயிருக்கு, மாத்துங்க என்றேன். கார்டை மாற்றினோம். பேக்ப்ளேனாக இருக்குமோ சார் என்று பெனிலா கேட்டாள். "இந்த பேனல் வந்த பதினாலு வருஷத்துல பேக்ப்ளேன் போய் நான் பாத்ததில்லம்மா." எல்லாருக்கும் முன்னால், கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொன்னேன். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பாவம், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தே.

பலவேசத்தை நினைக்கக்கூடாது. நினைக்கக்கூடாது என்றதும் அவன் காலிலிருந்து தொடங்குகிறது, வெள்ளைத் துணி சுற்றி மேலே தூக்கிக் கட்டின கால், அதன் முனையில் பெயின்ட் போகாத விரல் நகம், சில்வர் பெயின்ட். பதினெட்டாம் நாள் இரண்டாவது டிரிப். மெஷின் நின்றால் பாய்லரில் நீராவிக்குப் போக வழியில்லை, சேஃப்டி வால்வு திறந்துகொள்ளும், அது திறக்கிற சத்தத்துக்குப் பழகின நாங்களே காதைப் பொத்துவோம். பலவேசம் கான்ட்ராக்ட் பெயின்டர், வேலைக்கு வந்து நாலாவது நாள், அந்த வால்வுக்கு இரண்டு ஆள் உயரம் தள்ளி சாரத்தில் நின்று கைப்பிடிக்கு அடித்துக்கொண்டிருந்தான். பெல்ட் போட்டிருந்தான், இடம் மாறுவதற்காக ஒரு நிமிஷம் கொக்கியைக் கழற்றியிருக்கிறான், அந்த நிமிஷத்தில் தலைக்குமேல் அது கர்ஜித்தது. விழுந்துவிட்டான், இடுப்பெலும்பும் முதுகுத் தண்டும் முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன், யாரும் போகச் சொல்லவில்லை, ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அவன் பெண்டாட்டி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். இத்தனை பெரிய ஆபீசர் வந்திருக்கீகளே என்றாள், வேற ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே சார் என்றாள். அவன் இடுப்புக்குக் கீழே உணர்வு இனி திரும்பாது என்பதை அவனுக்கு இன்னும் சொல்லவில்லை என்று வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னாள். அவன் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான். "சார், மெசினு சரியாயிட்டா?" ஆயிட்டு என்றேன். அப்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அந்த ஊசியோடு. எனக்குத் தெரியும், மறுபடி விடும் என்று தெரியும், அவனைப் போல இன்னொருத்தன் சாரத்தில் ஏறியிருக்கிறான் என்றும் தெரியும், வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது பசித்தது, வடை சாப்பிட்டேன். முதல் டிரிப்பிலேயே சொல்லியிருந்தால். இந்த வாக்கியத்தை நான் முடிப்பதில்லை. முதல் டிரிப்பிலேயே சொல்லியிருந்தால் என்று வரும், உடனே பல் கூசும், நாக்கு அங்கே போகும்.

பதினைந்து. டிக். மூன்றாவது டிரிப்புக்குப் பிறகு அவள் எஸ்.ஈ.க்கு எழுதிக்கொடுத்தாள், கார்டு மூன்று மாற்றியாயிற்று, மாற்றாதது பேக்ப்ளேன் ஒன்றுதான் என்று. நான் தேவையில்லை என்று எழுதினேன், இரண்டு பக்கம். எஸ்.ஈ. அவள் தாளின்மேல் கையெழுத்துப் போட்டார். புதுப் பலகை பெங்களூரிலிருந்து ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியில் வந்து அதோ மேசையில் இருக்கிறது. பழையதைக் கழற்றி என்ன பழுது, யாரால் என்று இரண்டு பேரும் பார்த்து எழுத்தில் கொடுக்கவேண்டும், பலவேசம் விழுந்த விசாரணைக்கு அது வேண்டும். யாரால் என்பதை எஸ்.ஈ. அழுத்திச் சொன்னார். எனக்கு ரிட்டயராக இன்னும் எட்டு மாதம். கையில் குற்றச்சாட்டோடு இருப்பவனை மாலை போட்டு அனுப்பமாட்டார்கள், பின்வாசல் வழியாகப் போகவேண்டியதுதான், பெண்டாட்டி சொர்ணத்திடம் என்ன சொல்வது, அவள் தன் தங்கச்சிகளுக்கெல்லாம் அன்றைக்கு எடுக்கவேண்டிய புடவை நிறம்வரை சொல்லிவைத்திருக்கிறாள். சட்டைப்பையில் குறடு இருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்தேன், பேரனின் பொம்மை பழுதுபார்க்கிற மூக்கு நீண்ட சின்னக் குறடு, நெஞ்சில் குத்துகிறது. ஐந்து நிமிஷம் தனியாகக் கிடைத்தால் போதும், ஊசியை நிமிர்த்திவிடலாம், பழுது தெரியவில்லை, பழசாகிவிட்டது என்று எழுதிவிடலாம். நிமிர்த்தும்போது முறிந்தாலும் நல்லது, முறிந்தால் யார் கை என்று இருக்காது. இன்று காலை அவள் மகளுக்குக் காய்ச்சல், நூறு, காப்பகத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், செல்போனை மேசையில் முகம் மேலே தெரிய வைத்திருக்கிறாள். அந்தக் காய்ச்சல் கொஞ்சம் ஏறட்டும். நூற்றிரண்டு. அவ்வளவு போதும், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, ஒரு போன் வந்தால் போதும். அப்படி நினைத்ததும் இல்லை என்று சொல்லிக்கொள்வேன் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், நூற்றுமூன்று, வாந்தி. ஒரு போனும் வரவில்லை.

பதினெட்டாவது திருகில் நான் பேசினேன். போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன், குழந்தையை ஒரு எட்டு பார்த்துவிட்டே வா, மிச்சத்தை நான் கழற்றுகிறேன் என்றேன். குரல் நன்றாக வந்தது, அப்பா மாதிரி. அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு நன்றி. இல்லை சார், முடித்துவிட்டே போகிறேன் என்றாள், உங்களுக்கு முழங்கால் வலி, குனியக்கூடாது என்றாள். என் முழங்கால் வலியை யார் இவளிடம் சொன்னது. பத்தொன்பது. இவள் கையைப் பார்க்கிறேன், நகம் ஒட்ட வெட்டிய சின்னக் கை, இந்தக் கை ஒரு தடவை தவறக்கூடாதா, பலகையை எடுக்கும்போது கீழே போட்டுவிடக்கூடாதா, அதன் முகம் தரையில் படும்படி. இருபது. ஒருவேளை ஊசி வளையவே இல்லையோ. கட்டைவிரல் பொய் சொல்லியிருக்கலாம். இருபத்தொன்று. மூத்திரம் முட்டுகிறது. எழுந்து போய்விடலாம், போனால் நான் இல்லாதபோது பார்ப்பாள், இருந்தால் நான் இருக்கும்போது பார்ப்பாள். இருபத்திரண்டு, டிக், அவள் இரண்டு கையையும் கொடுத்துப் பலகையைக் கழுத்து நிற்காத பிள்ளையைத் தூக்குகிற மாதிரி வெளியே எடுத்தாள், மேசையில் வைத்தாள், கையை நீட்டினாள், டார்ச்சைக் கொடுத்தேன்.

நேராக நாலாவது இடத்துக்குத்தான் போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நான் சுவரில் தீயணைப்புக் கருவி கடைசியாகச் சோதித்த தேதியைப் படித்தேன், மறுபடி படித்தேன். இதோ திரும்புவாள், நீங்க தள்ளச் சொன்னீங்களே சார் என்பாள். அவள் டார்ச்சை அணைத்தாள். திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது, உதடு காய்ந்துபோய். "சார், இது நான்தான்." எனக்குப் புரியவில்லை. "அன்னிக்கே இறுக்கமா இருந்துச்சு. கழட்டிப் பாத்திருக்கணும். பாப்பாவுக்கு முடியலன்னு போன் வந்துச்சு, அந்த நெனப்புலயே தள்ளிட்டேன் சார்." பிறகு பலவேசம் பேரைச் சொன்னாள், சொல்லிவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், அழவில்லை, மூச்சை உள்ளே இழுத்தது திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. எனக்குள்ளே கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து தொடைவரை வெதுவெதுப்பாக இறங்கியது, சொல், இப்போது சொல் என்று ஒரு குரல் கேட்டது, அது அவசரமே இல்லாத குரல், யாரோ பக்கத்து அறையில் வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி. நான் கேட்டது வேறு. ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான். "யாராவது தள்ளச் சொன்னாங்களாம்மா?" அவள் என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல சார். நானாத்தான் தள்ளுனேன்." மறந்துவிட்டாளா. மறக்கக்கூடியதா அது. ஞாபகம் இருந்து, கிழவன் எட்டு மாதத்தில் போகிறவன் என்று விட்டுவிட்டாளா, அப்படியானால் இவள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள், என்மேல் இரக்கப்படுகிறாளா, அந்த நினைப்புதான், இவள் எனக்குப் பிச்சை போடுகிறாளோ என்ற நினைப்புதான் எனக்கு ஆகவில்லை, எஸ்.ஈ.யின் கண் நகர்ந்தபோது வந்த அதே எரிச்சல் நெஞ்சுக்கு ஏறியது. பயம் போன இடம் தெரியவில்லை. அவளுடைய புரொபேஷன் முடிய முப்பது நாள் இருக்கிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும், நான்தான் அறிக்கை எழுதவேண்டியவன்.

உட்கார் என்று ஸ்டூலை அவளுக்குக் கொடுத்தேன். மனுஷர்தானே, தவறு எல்லாருக்கும் வரும் என்றேன். நான் எஸ்.ஈ.யிடம் பேசுகிறேன், நேர்மையாக ஒத்துக்கொண்டாள் என்று சொல்கிறேன் என்றேன். அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டாள், எர்த் பட்டையின் வயர் இழுபட்டது, அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுது முடிகிறவரை பக்கத்தில் நின்றேன். நல்லவனாக இருப்பது இவ்வளவு சுலபமாக இருந்தது, உடம்புக்கு இதமாக இருந்தது, பலவேசத்துக்கு ஆப்பிள் கொண்டுபோனபோதும் இப்படித்தான் இருந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிடு, அதுதான் உனக்கு நல்லது என்று சொல்லித் தாளையும் என் பேனாவையும் கொடுத்தேன். எழுதினாள். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். தெரியாமல் அழுத்தி விட்டேன் என்று எழுதியிருந்தாள். "தெரியாமல் வேண்டாம்மா. விசாரணையில நிக்காது. கவனக்குறைவால்னு போடு." ஒரு நொடி பேனா நின்றது. அன்றைக்கு அவள் நாலாவது கார்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே மாதிரி நின்றது. பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதினாள். அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது, இன்னொரு தாளில் முதலிலிருந்து எழுதும்மா என்றேன்.